சாயம் போகாத கிருமி

மகள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும், சூடேறிய சிவப்புச் சாயத்தின் பினாயில் நெடி முகத்தில் அடித்தது. “அமிலம் ஊத்தியும் சிவப்பு போகலைன்னா, அது காசநோய் இனம்ப்பா,” என்றாள்.

அறுபதுகளில் எங்கள் ஊரான எம். புதுப்பட்டியில் இருமலுக்கு ஒரே இனம்தான்: தூசி இருமல். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைத்த என் அம்மா இருமும்போதெல்லாம் போர்மேன் கருப்பட்டித் துண்டை நீட்டிச் சொல்வான்: “தூசிதான் தாயி, கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டு வேலையப் பாரு.” ஊரும் அதையே சொன்னது. அம்மா வீட்டுக்கு வந்து கருப்பட்டியைக் கடித்துச் சப்பி, மீதியை என் குட்டித் தங்கையின் வாயில் வைப்பாள். சீக்கிரமே தங்கையும் இருமினாள். அதையும் தூசி என்றார்கள்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் அம்மாவின் சளியைச் சாயமேற்றிப் பார்த்தபின், அவள் இடுப்பிலிருந்த தங்கையைக் காட்டி நர்ஸம்மா கத்தினார்: “இதப் போயி தூசின்னா இருந்தீக? கம்பெனி வாசலையே மிதிக்காத இந்தப் பிள்ளைக்கு ஏது தூசி?”

தங்கை பிழைக்கவில்லை. ஊசி போட்டு அம்மா பிழைத்தாள். அடுத்த சீசனில் வேலைக்குத் திரும்பியவளிடம் போர்மேன் மறுபடியும் கருப்பட்டியை நீட்டினான். அவன் கண்முன்னே அதைச் சாக்கடையில் எறிந்தாள்.

மகள் நுண்ணோக்கியைக் காட்டினாள். “பாருங்கப்பா, சிவப்பு எவ்வளவு அழகா நிக்குது!”

அழகாம். நான் குனிந்து பார்க்கவில்லை.