சமையலறைப் பக்கம் திரும்பிய முகங்கள்

பணி ஓய்வு பெற்று மூன்று வருடம் முடிந்துவிட்டது. இப்போதும் காலை ஒன்பது மணியானால் கை தானாகப் பையைத் தேடுகிறது. ஆய்வுக் குறிப்பேடு, சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில், குடை. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது எந்த ஊர் வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று மனம் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வரும். போக வேண்டிய ஊர்தான் இல்லை.

நான் அங்கன்வாடி மேற்பார்வையாளராக இருந்தவள். வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுருக்கம் என்பது எங்கள் துறையில் யாரும் கண்டறியாத சங்கதி. ஒரு மையத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். பணியாளர், பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் விளையாட்டுமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போக வேண்டும், எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். உதவியாளர், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும், பெருக்க வேண்டும், சமைக்க வேண்டும், கை கழுவிவிட்டுச் சாப்பிட வைக்க வேண்டும். மேற்பார்வையாளர், அவர்கள் இருவரும் இதையெல்லாம் செய்ததாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து, பார்த்ததாக எழுத வேண்டும். பணியாளரைப் பிள்ளைகள் டீச்சர் என்பார்கள். உதவியாளரை ஆயா என்பார்கள். என்னை எதுவும் சொல்வதில்லை. நான் உள்ளே நுழைந்ததும் சத்தம் நின்றுவிடும்.

நான் சொல்ல வந்த மையம், ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் இருந்தது. தெருவில் பாதி வீடு தெலுங்கு பேசும், பாதி தமிழ் பேசும். தாய்மார்கள் மில் வண்டியில் ஏறிய கையோடு பிள்ளைகளின் அழுகை தொடங்கும். பணியாளர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். முத்து முத்தான கையெழுத்து. கைமணம் அதைவிட மேல். தெலுங்கு ஒரு சொல்கூடத் தெரியாது, அழுகிற பிள்ளையைக் கண்டால் அவரே அழுதுவிடுவார் போலிருக்கும். உதவியாளர் அந்தத் தெருவிலேயே பிறந்து அந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவர். இரண்டு பாஷையும் வரும். சோறு மட்டும் ஒருநாள் குழையும், ஒருநாள் விறைக்கும்.

முதல்முறை நான் போனபோது, பணியாளர் பாயில் உட்கார்ந்து படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். பூனைப் படம். பதினெட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பின. அங்கே உதவியாளர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பருப்பு அடிப்பிடிக்கிற வாசனைக்கு நடுவே, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"ஆயா, பில்லி வந்துருச்சா?" என்று ஒரு குழந்தை கேட்டது.

உதவியாளர் பருப்பை வேகமாகக் கிளறத் தொடங்கினார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் தலை தெருமுனையில் தெரிந்ததும் இருவரும் இடம் மாறியிருக்கிறார்கள். மற்ற நாட்களில் டீச்சர் சமைத்துக்கொண்டே பதிவேடு எழுதுவார். ஆயா பாயில் உட்கார்ந்து கதை சொல்வார். பில்லி என்பது கதையில் வருகிற பூனை. தெலுங்கில் பூனைக்கு அதுதான் பெயர் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அது தினமும் மில் வண்டியில் ஏறிப் போகும், பஞ்சு மூட்டைக்குள் ஒளியும், என்னென்னவோ செய்யும், கடைசியில் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடும். திரும்புகிற விதம்தான் தினமும் வேறு. அந்தக் கதை ஆரம்பித்த பிறகுதான் பிள்ளைகள் அழுகையை நிறுத்தின என்று பணியாளரே என்னிடம் பின்னாளில் சொன்னார்.

விதிப்படி நான் அன்றே இருவரிடமும் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கல்விச் செயல்பாடு திருப்தி என்று எழுதினேன். உணவு திருப்தி என்றும் எழுதினேன், அன்று பருப்பு தீய்ந்திருந்தபோதும். அதற்குப் பிறகு எட்டு வருடம், மாதம் தவறாமல் இந்த நாடகம் நடந்தது. பணியாளர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அம்மா வாராக, எந்திரி" என்று சொல்வது தெருவுக்கே கேட்கும். நான் குடையை மடக்குவதற்குச் செத்த நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்வேன்.

ஆனால் ஒரு குறை இருந்தது. அந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. நான் வந்தால் கதை நின்றுவிடும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு வாக்கியத்தின் பின்பாதி காதில் விழும், "...பஞ்சு மூட்டைக்குள்ள பாத்தா ரெண்டு காதுதான் தெரியுது" என்கிற மாதிரி. அதோடு சரி. முன்பருவக் கல்வியின் நோக்கங்கள் என்று இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்திருக்கிறேன். பூனை வீடு வந்து சேர்ந்ததா என்று தெரியாமல் பஸ் ஏறியிருக்கிறேன்.

உதவியாளருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பணியாளராக வேண்டும். சம்பளத்துக்காகவா என்று கேட்டேன்.

"இல்லம்மா. நீங்க வந்தாலும் எந்திரிக்காம உக்காந்திருக்கலாம்லா."

பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவர் அவர். அவருடைய மகள் பத்தாவது எழுதிய வருடம் அவரும் தனித்தேர்வராக உட்கார்ந்தார். மூன்றாவது தடவையில் தேறினார். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் நீட்டியபோது, மதிப்பெண்ணைப் பார்க்கவிடாமல் கட்டை விரலால் மறைத்துக்கொண்டார். "தேர்ச்சின்னு போட்டிருக்குல்லாம்மா, அம்புட்டு போதும்."

அந்த வருடமே பதவி உயர்வுக்குப் பட்டியல் கேட்டார்கள். உதவியாளராகப் பத்து வருடச் சேவை, பத்தாம் வகுப்பு, மேற்பார்வையாளரின் பரிந்துரை, இந்த மூன்றும் வேண்டும். பரவாயில்லை என்பதைப் பதினோரு விதமாக எழுதத் தெரிந்தவள் நான். நல்லதை எழுதிப் பழக்கமில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, என் உத்தியோக வாழ்க்கையில் முதல்தடவையாக, மனதில் பட்டதை அப்படியே எழுதினேன். மையத்தின் முன்பருவக் கல்வியைக் கடந்த எட்டு ஆண்டுகளாக உதவியாளரே நடத்தி வருகிறார் என்றும், பிள்ளைகள் அவரிடம் பேசும் அளவுக்கு என் பிரிவில் வேறு யாரிடமும் பேசிப் பார்த்ததில்லை என்றும் எழுதினேன். படித்துப் பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு கோப்பில் உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று தெரியாத வயது இல்லை எனக்கு. ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவள்.

மேலிடத்தில் இருந்தவர்கள் அதைப் பரிந்துரையாகப் படிக்கவில்லை. எட்டு வருடமாக ஒரு பணியாளர் தன் கடமையைச் செய்யவில்லை, ஓர் உதவியாளர் தனக்கு இல்லாத பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறார், இதை மேற்பார்வையாளரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று படித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பேன். மூன்று பேருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: எட்டு ஆண்டுகளாக இதை ஏன் தெரிவிக்கவில்லை?

இதற்கு விடை எனக்கு உறக்கத்திலும் தெரியும். "அவ்வப்போது வாய்மொழியாக அறிவுறுத்தப்பட்டது." ஒரு வரி. யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. அந்த ஒரு வரியில் நான் வெளியே வந்துவிடலாம். எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், தபாலில் சேர்த்தேன். என் வரி உள்ளே போன பிறகு, அவர்கள் இருவரும் பலமுறை சொல்லியும் கேட்காதவர்கள் ஆகிவிட்டார்கள்.

பணியாளருக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. உதவியாளரின் பெயர் பட்டியலிலிருந்து போனது. நிர்வாக நலன் கருதி அவரைச் சுந்தரபாண்டியத்துக்கு உதவியாளராகவே மாற்றினார்கள். ஆணையின் தலைப்பில், பார்வை என்று போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று கடிதங்களை வரிசைப்படுத்தியிருப்பார்கள். இரண்டாவது, என்னுடைய விளக்கம். அதன் நகலும் கூடவே இணைக்கப்பட்டிருந்தது. ஆணையை நானே கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், அதுவும் நடைமுறை. அவர் நின்றபடியே முழுவதையும் படித்தார். பத்தாம் வகுப்பு தேறியவர் அல்லவா.

"சுந்தரபாண்டியத்துக்கு ரெண்டு பஸ் மாறணுமேம்மா" என்றார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பணியாளர்தான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னார்: "நீங்க ஒண்ணும் எழுதாமலே இருந்திருக்கலாம்."

அடுத்த மாதம் நான் போனபோது பணியாளர் பாயில் இருந்தார், புதிய ஆயா சமையலறையில் இருந்தார். எல்லாம் விதிப்படி. படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பிள்ளைகள் பூனை என்றன. ஒரு முகமும் திரும்பவில்லை. கல்விச் செயல்பாடு திருப்தி என்று எழுதினேன்.

போன மாதம் ஓய்வூதியர் நேர்காணலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் சார்கருவூலத்துக்குப் போனேன். உயிரோடிருக்கிறேன் என்று நேரில் காட்டிவிட்டு வர வேண்டும். நான் கொண்டுபோன நகல்களில் ஒரு குறையும் காண முடியாமல் எழுத்தருக்கு வருத்தம். பத்தரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் வத்திராயிருப்பு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டேன். சுந்தரபாண்டியத்துக்கு டிக்கெட் கேட்ட பிறகுதான் எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

மையத்தின் சுவரில் புதிதாக யானையும் ரயிலும் வரைந்திருந்தார்கள். பணியாளர் சின்னப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். பிள்ளைகளைப் படமெடுத்துச் செல்போனில் ஏற்ற வேண்டும், சிக்னல் இல்லை, வாசலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இன்னார் என்று சொன்னதும் போன் கீழே விழப் பார்த்தது.

"ஓய்வு பெற்றுவிட்டேன்மா. சும்மாதான் வந்தேன்."

சும்மா வருகிற மேற்பார்வையாளரை அவள் பார்த்ததில்லை. ஓடிப்போய்ப் பாயில் உட்கார்ந்து பட அட்டையை எடுத்தாள். எனக்கு நாற்காலி போட்டார்கள். எனக்கும் பாயில் உட்கார ஆசைதான். முப்பது வருடமாக அந்த ஆசை. நாற்காலி போட்டுவிட்டால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

சமையலறையில் அவர் இருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, "வாங்கம்மா. எம்புட்டு இளைச்சிட்டீங்க" என்றார். கையில் கரண்டி. பாயில் ஒரு தலையணை, இப்போதுதான் யாரோ எழுந்த மாதிரி அமுங்கியிருந்தது, பிள்ளைகளுக்கு நடுவில்.

"இது என்ன?" என்று கேட்டாள் சின்னப் பெண். பூனைப் படம்.

"பில்லி" என்றன எல்லாம் சேர்ந்து. சுந்தரபாண்டியத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள், தெலுங்கு வாடையே படாதவை. சொல்லிவிட்டு எல்லாம் சமையலறைப் பக்கம் திரும்பின.

"ஆயா, பில்லி களையெடுத்துட்டு வந்துருச்சா?"

"பூனை, பூனைன்னு சொல்லுங்க" என்றாள் சின்னப் பெண் அவசரமாக. அவள் காது சிவந்துவிட்டது.

ஆயா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சுவரிலிருந்த எடை வரைபடத்தைப் படிக்கத் தொடங்கினேன். மில் இல்லாத ஊரில் பூனை களையெடுக்கப் போயிருக்கிறது. போகட்டும். சற்று நேரம் கழித்துச் சமையலறைக்குப் போய், அடுத்த பட்டியல் வரும்போது மனுப் போடலாம், பணிப்பதிவேட்டில் ஏறிய பழைய குறிப்பை நீக்கக் கோருவதற்கு ஒரு வழி இருக்கிறது, நானே எழுதித் தருகிறேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

"வேண்டாம்மா" என்றார். "ஓய்வுக்கு ரெண்டு வருசந்தான் கெடக்கு. இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. அதுக்கு சமைக்கப் பிடிக்கும், எனக்கு..." நிறுத்திக்கொண்டார். பிறகு சிரித்தார். "நீங்க இந்தத் தடவையாச்சும் ஒண்ணும் எழுதிராதீங்க."

அந்த விளக்கக் கடிதத்தைப் பற்றி நான் பேச வந்திருந்தேன். வரும் வழி முழுக்க வாக்கியங்களைக் கோத்து வைத்திருந்தேன். அவர் சிரித்த பிறகு அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. குழம்பை ஒரு கரண்டி எடுத்து என் உள்ளங்கையில் ஊற்றினார். உப்பே இல்லை.

கிளம்பும்போது சின்னப் பெண் பார்வையாளர் பதிவேட்டை நீட்டினாள். பெயர், தேதி, கையெழுத்து போட்டுவிட்டு மூடினேன். "அம்மா, குறிப்புன்னு இருக்கிற கட்டத்தை விட்டா தணிக்கையில கேப்பாங்க" என்றாள். நன்றாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். திறந்து, உணவு சுவையாக இருந்தது என்று எழுதினேன். அதற்கு மேல் அந்தக் கட்டத்தில் இடமிருந்தது.

பஸ் நிறுத்தம் மையத்துக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கம். ஜன்னல் தெரிந்தது. திடீர் ஆய்வு என்ற பெயரில் எத்தனையோ ஜன்னல்களுக்குக் கீழே சத்தமில்லாமல் நின்றவள் நான். சாலையைக் கடந்து போய் நின்றால் கேட்டுவிடலாம். பூனை எந்த வழியாக வீட்டுக்கு வந்தது என்று. போகவில்லை. என் குடையின் நுனி தெரிந்தாலும் அவர் எழுந்துவிடுவார்.

அங்கிருந்தே பார்த்தேன். கரண்டி கை மாறியது. நரைத்த தலை பிள்ளைகளுக்கு நடுவில் இறங்கி மறைந்தது. முகங்கள் எல்லாம் இப்போது உள்பக்கமாகத் திரும்பியிருந்தன, ஒன்றுகூடச் சமையலறையைப் பார்க்கவில்லை. வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு வயலைப் பார்த்து நின்றேன்.