சில்லு வைத்த தேத்தண்ணிக் கடை

ஹேவாஹெட்டயில் இரண்டு வெள்ளைக்காரர்களை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மீரான் நானா மௌத்து, மனுசன் போய்விட்டார். தெல்தெனியவில் நீர்த்தேக்கக் கரையோரம் விடுதி வைத்திருந்தாரே, அவர்தான். அங்கே தங்கிய உங்களில் பாதிப் பேரை என் ஓட்டோவில்தான் ஏற்றிப் போயிருப்பேன். நானாவை நான் கேலி பண்ணாத நாளில்லை.

புயல் மழையில் மண் சரிந்து விடுதியின் முன்பாதி தண்ணீருக்குள் போனது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி கட்டத்தான் மனுசன் அலைந்தார். முதலில் அளக்க வந்த அரசாங்க மாத்தயா குசினிக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கட்டையை அடித்து, இதைத் தாண்டித் தண்ணீர்ப் பக்கம் கட்டக் கூடாது என்றார். அடுத்து வந்தவர் அதைப் பிடுங்கி ரோட்டோரம் அடித்தார். மூன்றாமவர், புதுச் சட்டம் வரும்வரை பொறுங்கள் என்றார். எப்போது வரும் என்று கேட்டால், வந்தால் தெரியும் என்றார்.

“நானா, இப்ப உங்க விடுதியில தங்கியிருக்கிறது அந்தக் கட்டை மட்டுந்தான்,” என்றேன்.

“அதுவும் ஒரு எடத்துல தங்குதில்லயே, செல்வம்.”

பிறகுதான் அந்த யோசனை வந்தது அவருக்கு. பழைய வேன் சில்லு நாலை மாட்டி ஒரு தேத்தண்ணிக் கடை செய்தார். கட்டை காட்டும் கோடு எங்கே போனாலும் கடையும் போகும். மாத்தயாமார் யாராவது வருகிறார்கள் என்றால் எனக்குப் போன் வரும். இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளி, சில்லுக்கு ஒரு செங்கல்லைக் கொடுத்து நிறுத்துவோம்.

நாலாவது மாத்தயா குனிந்து பார்த்தார். சில்லு இருந்தால் இது வாகனம், பதிவு எங்கே என்றார்.

“செல்வம், ஒன்ட நம்பர் பலகையக் கொஞ்சம் கழட்டித் தா,” என்றார் நானா.

மாத்தயாவும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கடையை மூடச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒருநாள், விடுதியில் மிஞ்சிய அரைச் சுவரில் உட்கார்ந்து நானா சொன்னார்: “நான் சட்டத்தோட சண்டைக்குப் போகல்ல. எங்க நிக்கிறதெண்டு மட்டும் அவங்களச் சொல்லச் சொல்லு.” நான் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினேன்.

நானாவின் மையத்தை எடுத்து அடக்கிய மறுநாள் கரைக்குப் போனேன். செங்கல்லை எடுத்துவிட்டுக் கடைக்குத் தோள் கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு ஆள் பாரம் அது. செங்கல்லுக்குப் பதிலாக ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தச் செங்கல் என் ஓட்டோவில் இருக்கிறது. தள்ள என் தோளும் இருக்கிறது. எந்தப் பக்கம் என்றுதான், நானா, இன்னும் ஒருத்தரும் சொல்லவில்லை.