ஒற்றை முடிச்சு

அன்று இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் தம்பி, பூட்டை உடைக்க வந்த ஆசாரி. மூவரும் உயிரோடுதான் இருக்கிறோம். யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். கதை கட்டும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அது ஊராரின் தொழில்.

அப்பா ரசாயனம் படித்துவிட்டுப் புகைப்படம் எடுக்க வந்தவர். கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த காலம். தகடு ஊறும்போது இருட்டறைக் கதவைத் திறக்க முடியாது. அதனால் குடிதண்ணீரையும் உள்ளேயே வைத்திருப்பார். பக்கத்தில் படம் கழுவும் சயனைடு. அந்தப் பாட்டிலின் கழுத்தில் மட்டும் நூல் சுற்றி மூன்று முடிச்சுப் போடுவார். இருட்டில் விரலுக்குத் தெரிய வேண்டுமே.

அந்த அறையில்தான் சயனைடு குடித்து இறந்து கிடந்தார்.

"தற்கொலை" என்று முதலில் சொன்னவர் அவருடைய கூட்டாளி. ஐம்பத்திரண்டு வருடமாக ஊர் அதையே மென்றுகொண்டிருக்கிறது. இப்போது நகர மண்டபத்தில் அப்பாவின் படங்களை மாட்டப் போகிறார்களாம். கீழே அதையும் அச்சடிப்பார்களாம்.

"விடுங்கண்ணே. செத்தவரா வந்து சாட்சி சொல்லப் போறாரு?" என்றான் தம்பி.

"வாயை மூடிட்டு வா."

பிற்பகல் 2.40. அப்பா இறந்ததிலிருந்து சாத்தியே கிடந்த இருட்டறையின் பூட்டு உடைந்தது. "நான் வெளியவே நிக்கறேங்க" என்றார் ஆசாரி.

உள்ளே விரல் கனத்துக்குத் தூசி. ஆனால் தொட்டியடியில் தரை ஈரமாக இருந்தது.

2.46. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சொட்... சொட்...

குழாயை வெட்டி ஐம்பது வருடம் ஆகிறது.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஈரம்.

"கையை எடுடா."

"நான் கதவுகிட்ட இருக்கேண்ணே..."

அது என் விரலை இழுத்துப் போனது. ஒரு பாட்டில். கழுத்தில் நூல்.

ஒரே முடிச்சு.

அடுத்த பாட்டில்... நூல் இல்லை.

பிடி விட்டது.

2.51. கதவு திறந்தது.

இரண்டு பாட்டில்களோடு வெயிலுக்கு வந்தேன். மணிக்கட்டில் ஒன்றுமில்லை. பிறகு மெல்லப் பழுப்பு ஏறியது. கறுத்தது. நான்கு விரல், ஒரு கட்டைவிரல். தகட்டுக்குப் பூசும் வெள்ளி உப்பு அப்படித்தான், வெளிச்சம் பட்டால்தான் கறுக்கும். அப்பாவின் விரல்கள் எப்போதும் அந்த நிறம்தான். பதினோரு நாள் அது போகவில்லை.

பரிசோதனைக் கூடத்திலிருந்து முடிவு வந்தது. நூல் சுற்றிய பாட்டிலில் வெறும் தண்ணீர். சுற்றாததில் சயனைடு.

அந்த அறைக்கு இரண்டு சாவி. இன்னொன்று கூட்டாளியிடம் இருந்தது. அவர் இறந்துவிட்டார். இல்லாவிட்டால் நேரில் போய்க் கேட்டிருப்பேன்.

என் அப்பா விஷத்தைத் தேடிக் குடித்தார் என்கிறார்கள். இல்லை. அவருக்குத் தாகம் எடுத்தது.