மேகலாவின் பெயரை நான் வாசிக்கவில்லை

தேறிய ஒரு பிள்ளையைத் தேறவில்லை என்று சொன்னேன். கை தவறி நடந்ததல்ல. தெரிந்தே செய்தேன். இவளைச் சொன்னால் ஏன் என்று கேட்க ஒருவரும் வரமாட்டார்கள் என்று பொறுக்கியெடுத்துச் செய்தேன்.

அவள் பெயர் மேகலா. மூன்றாம் வகுப்புப் படித்தாள். அவள் படித்த பள்ளியை நடத்தியவள் நான்.

கண்ணீரும் கம்பலையுமாக உட்கார்ந்து இதைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்! காலையில் பிள்ளைகள் ஒரே குரலில் வணக்கம் சொல்லும்போது மனம் குளிர்ந்து போகிறது. என்னிடம் படித்தவர்கள் பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். படுத்தால் தூக்கம் வருகிறது. தவறு செய்தவருக்குத் தூக்கம் வராது என்று யார் கிளப்பிவிட்டார்களோ... வருகிறது, அருமையாக வருகிறது. முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது அதைத்தானோ?

என் கணவருக்கு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் சில ஆண்டுகள் இருந்தோம். எண்பதுகளின் தொடக்கத்தில் பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினோம். வீட்டை ஒட்டிய காலி இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, ‘இங்கிலீஷ் மீடியம்’ என்று பெரிதாக எழுதிய பலகையை மாட்டி, நான் பள்ளி தொடங்கினேன். எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. எங்கள் நிலைக்கு அதற்கு மேல் கனவு காண முடியவில்லை.

குவார்ட்டர்ஸ்காரர்கள் என் கொட்டகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு வேறு பெரிய பள்ளிகள் இருந்தன. என்னிடம் வந்தவர்கள், நேற்றுவரை பக்கத்து வயல்களில் கூலிக்கு இறங்கியவர்கள். வயல்களெல்லாம் மனைகளாகிவிட்டதால் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் அரசுப் பள்ளி இருந்தது. படிப்பு இலவசம், மதியச் சாப்பாடும் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி என்னிடம் ஏன் வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

மேகலாவின் அம்மா அஞ்சலையைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மருந்து கம்பெனி ஒன்றில் பாட்டில் கழுவினாள் அவள். முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள்: தன்னை யாரும் பள்ளியில் உட்கார வைக்கவில்லையாம். பெண்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தே தீருவாளாம். அதுவும் சும்மா கிடைக்கிற இடத்தில் வேண்டாமாம்.

சும்மா கிடைப்பதற்கு மதிப்பில்லை! எங்கள் பக்கத்தில் அது வேத வாக்கு. அதிலிருந்து இன்னொரு நம்பிக்கையும் கிளைத்திருந்தது, கேட்டால் சிரிப்பீர்கள். எந்தப் பள்ளியில் பெயில் போடுகிறார்களோ அதுதான் நல்ல பள்ளி. அரசுப் பள்ளியில் எல்லோரையும் அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள், ஆகவே அங்கே படிப்பு இல்லை. பெயில் போடுகிறவர்கள் கண்டிப்பானவர்கள், ஆகவே அங்கே படிப்பு இருக்கிறது. நான் சிரிக்க மாட்டேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெற்றோர் ஓர் ஆங்கிலப் பள்ளியை வேறு எப்படித்தான் சோதிப்பது? பானை வாங்குகிறவள் தட்டிப் பார்க்கிறாள் இல்லையா, அதுபோல.

என் பள்ளியில் அதுவரை எல்லோரும் தேறினார்கள். எனக்கு அதில் கர்வம்கூட இருந்தது. அப்போதுதான் அடுத்த தெருவில் டை கட்டிய பிள்ளைகளோடு இன்னொரு பள்ளி முளைத்தது. முதல் ஆண்டிலேயே நான்கைந்து பேருக்குப் பெயில் போட்டார்களாம். தெருக்குழாயடியில் அதே பேச்சு. நாங்கள் சாமான் வாங்கும் மளிகைக் கடைக்காரர், பருப்பை நிறுத்துக்கொண்டே ஒருநாள் கேட்டார்.

“இன்னா டீச்சரம்மா, உங்க இஸ்கூல்ல அல்லாரும் பாஸாமே?”

பாராட்டு என்று நினைத்து மகிழ்ச்சியோடு தலையாட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. ஐயோ, என் பிழைப்பே ஆடிக்கொண்டிருக்கிறது!

அந்த ஆண்டு முடிவில் ஒருவரையாவது பெயில் போடுவது என்று தீர்மானித்தேன். ஒருவரே போதும், ஊர் வாய் பார்த்துக்கொள்ளும். யாரை? உண்மையிலேயே தடுமாறியவன் ஒருவன் இருந்தான். அவன் அப்பா லாரி வைத்திருந்தார். கோபம் வந்தால் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். இன்னொருத்தியின் அப்பா என் கணவருடைய ஃபோர்மேன். வேறு வினையே வேண்டாம். அப்படியே தள்ளித் தள்ளிக்கொண்டு போய், என் விரல் அஞ்சலையின் மகள்மேல் நின்றது.

மேகலா முதல் மாணவியல்ல. ஆனால் நன்றாகவே தேறியிருந்தாள். கணக்கில் கெட்டி. கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவாள். அஞ்சலையோ சண்டைக்கு வராதவள். ஏமாந்தவன் தலையில் மிளகாய் அரைப்பது என்பார்களே... நான் அம்மியையே தூக்கி வைத்துவிட்டேன்.

மே மாதத்தில் ஒரு காலை. பிள்ளைகளைக் கொட்டகையின் இடப்பக்கம் வரிசையாக நிறுத்தினோம். பெயரை வாசித்தால் வலப்பக்கம் ஓட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். பெற்றோர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். மூன்றாம் வகுப்பை வாசித்து முடித்தேன். இடப்பக்கம் ஒருத்தி மட்டும் நின்றாள். அழவில்லை. நான் ஏதோ மறந்துவிட்டேன் என்று நினைத்து, எனக்கு உதவி செய்வதற்காக அருகில் வந்தாள்.

“மிஸ், என் பேர உட்டுட்டீங்க.”

அப்போதுகூட முடிந்திருக்கும். ‘அடடா’ என்று தலையில் தட்டிக்கொண்டு சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்! வேலிக்கு அப்பால் அத்தனை முகங்கள். நான் சொன்னேன்: “விடவில்லை. உன் பேர் இதில் இல்லை.”

மறுநாள் அஞ்சலை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். பதில்களையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. புடவைத் தலைப்பில் முருங்கைக்காய்களைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

“கவுருமெண்டு இஸ்கூலா இருந்தா தள்ளி உட்டுகினு பூடுவாங்க மிஸ். நீங்க இன்னொரு வர்சம் வெச்சிகினு சொல்லித் தரேன்றீங்க. யாரு செய்வாங்க?”

நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த முருங்கைக்காயில் அன்றைக்குச் சாம்பார் வைத்தேன். என் கணவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். சாம்பார் நன்றாக இருந்தது. சொல்வதென்று வந்த பிறகு இதை மட்டும் எதற்கு மறைப்பது?

ஜூன் மாதம் சேர்க்கைக்குக் கூட்டம் வந்தது. மளிகைக் கடைக்காரரே தன் பேரனைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்தார். கீற்று போய் ஓடு வந்தது, பிறகு ஓடும் போய்த் தளம் வந்தது. அதற்குப் பிறகு நான் பொய்யாக யாரையும் பெயில் போடவில்லை. தேவை இருக்கவில்லை. கண்டிப்பானவள் என்ற பெயரை ஒரே ஒரு பிள்ளையை வைத்துச் சம்பாதித்துவிட்டேனே!

மேகலா மறுபடியும் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாள். அவள் தங்கை சுமதி தேறி அதே வகுப்புக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மேகலாவுக்கு எல்லாம் தெரிந்த பாடம். முதல் வாரம் கையைத் தூக்கினாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கினாள். ஆடி மாதம் வருவதற்குள் தூக்குவதையே விட்டுவிட்டாள். சரியாகப் போட்ட கணக்கை அழித்துவிட்டு, சுமதி போட்டதைப் பார்த்து எழுதினாள். சுமதி போட்டது தப்பு. பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதோடு நின்றிருந்தால் ஒரு வருடம்தானே வீணானது என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். நிற்கவில்லை.

இருவரும் ஐந்தாம் வகுப்பை முடித்தார்கள். ஒருத்தியைத்தான் மேலே ஆங்கில வழியில் படிக்க வைக்க அஞ்சலையால் முடியும். யாரை அனுப்புவது என்று என்னிடம் வந்தாள். பாருங்கள், என்னிடம்! வேறு யாரைக் கேட்பாள்?

“பெர்சுக்குப் படிப்பு ஏறாதுன்னு உங்களுக்கே தெரியும். சின்னத அனுப்பட்டா மிஸ்?”

அம்மா, உன் பெரியவள்தான் கெட்டிக்காரி, அன்றைக்கு நான் சொன்னது பொய்... எவ்வளவு சின்ன வாக்கியம்! நாக்கு நுனி வரை வந்தது. பள்ளி என்ன ஆகும், குழாயடியில் என்ன பேசுவார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. “உனக்குச் சரியென்று பட்டதைச் செய்” என்றேன். நல்லவள்போல.

சுமதி படித்துப் பட்டதாரியானாள். மேகலா அரசுப் பள்ளிக்குப் போனாள். அங்கே படித்து முன்னுக்கு வந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பள்ளியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவள் உள்ளே நுழையும்போதே ‘நான் மக்கு’ என்று நினைத்துக்கொண்டு நுழைந்தாள். எட்டாவதோடு நின்று, துணி தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்குப் போனாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் என் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவன் மேகலாவின் புருஷன். மேகலா இறங்கினாள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நல்ல சதை போட்டிருந்தாள், வாய் நிறையச் சிரித்தாள். எப்படி இருக்கிறாய் என்றேன். கம்பெனியில் தையல் சரிபார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்களாம், வீட்டுக்காரர் தங்கமான மனுஷனாம், மாங்காட்டுப் பக்கம் சொந்தமாக ஓட்டு வீடாம். நிறைவாக இருந்தாள். எனக்கு அப்படியொரு நிம்மதி! பார், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்று மனம் உடனே சொல்லிக்கொண்டது.

குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்க்க வந்திருந்தாள். மாங்காட்டில் பள்ளியே இல்லையா, இவ்வளவு தூரமா என்றேன்.

“நீங்க கண்டிப்பு மிஸ். இவ என்ன மாரி மக்கா இருந்தான்னா, பாவம் பாக்காம ஒரு வர்சம் பெயில் போட்டு குந்த வெச்சிருங்க. அன்னிக்கி நீங்க போட்டதாலதான் எனக்கு நாலு எழுத்தாவது நின்னுச்சு.”

சொல்லியிருக்கலாம். சொல்ல மறுபடியும் ஒரு வாய்ப்பு, அதுவும் அவளிடமே. ஆனால் என்னவென்று சொல்வது? நீ மக்கு இல்லை என்று சொன்னால் இத்தனை வருடமும் எங்கே போயிற்று என்று கேட்பாளே... குழந்தையின் கன்னத்தைத் தட்டி, சமர்த்து என்றேன். காபி குடித்துவிட்டுப் போ என்றேன்.

குழந்தை சமர்த்துதான். அம்மாவைப் போலவே, கேள்வி முடிவதற்குள் கை மேலே போய்விடுகிறது. ஆண்டு முடிவில் வழக்கம்போல வரிசை நிறுத்தினோம். வேலி இருந்த இடத்தில் இப்போது சுவர். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேகலா நின்றாள். நான் வரிசையை மாற்றி, அவள் மகள் பெயரை முதலில் வாசித்தேன். குழந்தை ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

எல்லோரும் போன பிறகு மேகலா என் அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நெசமாலுமே பாஸா மிஸ்? எனக்கோசரம் போட்டுக் குடுத்துட்டீங்களா?”

“நிஜமான பாஸ்தான் மேகலா. சத்தியமாக” என்றேன்.

சரி மிஸ் என்று தலையாட்டினாள். என் மனம் நோகக் கூடாதே என்று ஆட்டிய தலை அது. நம்பவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், லீவில் தினமும் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று அதட்டிக்கொண்டே.

பள்ளி நன்றாக நடக்கிறது. அடுத்த ஜூனுக்கு இன்னொரு வகுப்பறை எழுப்புகிறோம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்... அவளிடம் இன்னும் சொல்லவில்லை.