மிராசுதாரர் தெருவில் மூச்சு விட்டவர்

காலையில் கடையைத் திறந்து மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது மாணிக்கத்தின் மகள் செல்வியின் போன் வந்தது. "பாய் மாமா, அப்பா போயிட்டாங்க" என்றாள். வயலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தவர், காபி கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாராம். காபி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

விவசாயிகள் சங்கத்து மாணிக்கம் என்று உங்களில் பலருக்கு அவரை மேடையில் தெரியும். மைக் இல்லாமல் அரை மணி நேரம் பேசுவார். அந்தக் குரல் அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் கிடைத்தது என்பது கூத்தாநல்லூரில் தையல் கடை வைத்திருக்கும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சாகுபடி செய்கிறவன் பெயரைக் குத்தகைதாரராகப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம். அப்பா காலத்திலிருந்து உழுத ஒன்றரை ஏக்கருக்கு மாணிக்கம் மனுப் போட்டார். அவன் வெறும் கூலியாள் என்றார் மிராசுதாரர். விசாரணையில் தாசில்தார், நிலத்தை யார் பயிர் செய்வது என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் மிராசுதாரர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், மாணிக்கத்தின் கை தானாக வாய்க்குப் போய்விட்டது. மிராசுதாரர் முன்னால் வாய் பொத்தி நிற்பதுதான் அந்த ஊர் வழக்கம். பண்ணையாளின் மூச்சு அவர் மேல் படக்கூடாதாம். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. தாசில்தார் நல்ல மனிதர், ஒரு மாதம் தள்ளிவைத்தார். அடுத்த முறையும் பேச்சு வராவிட்டால் மனு தள்ளுபடி, நிலமும் போய்விடும்.

அந்த விசாரணைக்குச் சட்டை தைக்கத்தான் என்னிடம் வந்தார். நெஞ்சு அடைக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனதையும், நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டதையும் சொன்னார். டேப்பை மார்பில் சுற்றினேன். டேப் அசையவே இல்லை. மூச்சை விடச் சொன்னேன்.

"விட்டுக்கிட்டுத்தான் பாய் நிக்கிறேன்" என்றார்.

அவர் கையை எடுத்து அவர் வயிற்றிலேயே வைத்தேன். அந்தக் கையும் அசையவில்லை. முகம் மாறிவிட்டது. "நான் மூச்சே விடல பாய்" என்றார்.

என் பங்கு அவ்வளவுதான். நான் ஏதோ பயிற்சி கொடுத்ததாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள், அது பொய். மற்றதெல்லாம் அவராகக் கண்டுபிடித்தது. வயலில் நாற்றுக்கட்டு தூக்கும்போது மூச்சு வயிறு வரை தாராளமாகப் போய்வருகிறது, மிராசுதாரர் தெருமுனைக்கு வந்தால் நின்றுவிடுகிறது. இதைக் கவனித்தவர், வேலை முடிந்ததும் தினமும் அந்தத் தெருவுக்கே போனார். மூச்சு நிற்கிற இடத்தில் தானும் நிற்பார். வலிந்து இழுக்க மாட்டார். அது தானாக வரும்வரை காத்திருந்து பிறகுதான் அடுத்த அடி. முதல் நாள் தெருமுனை ரைஸ் மில்லையே தாண்டவில்லை. மூன்றாவது வாரம் மிராசுதாரர் வீட்டு வாசலில் நின்றார். காரியஸ்தர் வெளியே வந்து என்ன வேண்டும் என்று அதட்டினார்.

"ஒண்ணும் வேணாங்க. மூச்சு விட்டுக்கிட்டு நிக்கிறேன்" என்றாராம். என் கடையில் இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலில் எடுத்த அளவுக்கே சட்டையை வெட்டியிருந்தேன். போட்டுப் பார்த்தபோது மார்பில் பட்டன் இழுத்தது. பிரித்துத் திரும்பத் தைத்தேன். ஒரு தையல்காரனாக அந்தத் தவறுக்கு நான் வெட்கப்பட்டதே இல்லை.

இரண்டாவது விசாரணைக்கு நானும் போயிருந்தேன். அதே கேள்வி, அதே செருமல். மாணிக்கம் பேசவில்லை. போச்சு என்று நினைத்தேன். உண்மையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். அவர் கைகள் இரண்டும் தொங்கியபடியே இருந்தன. மார்பு மெல்ல ஏறி இறங்கியது.

"நான்தாங்க பயிர் பண்றேன். எனக்கு முன்னாடி எங்கப்பா. கூட நடவு நட்டவங்க பேரெல்லாம் சொல்றேன், எழுதிக்கங்க" என்றார். அந்தக் குரல் வெளி வராந்தா வரை கேட்டது. அவர் பெயர் பதிவானது. தண்ணீர் வைத்துவிட்டு வந்தார் என்றேனே, அந்த வயல்தான்.

மாணிக்கம் எனக்கு விட்டுப்போனது ஒரு பழக்கம். பெரிய மனிதர்கள் யாராவது எதிரே வந்து நின்றால் என் கை தானாக வயிற்றுக்குப் போய்ப் பார்க்கிறது. மூச்சு ஓடவில்லை என்றால், அந்த ஆளிடம் நான் சொல்லாமல் விழுங்கியது ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மூச்சு வரும்வரை காத்திருந்து, சொல்லிவிடுகிறேன்.