எஞ்சின் நின்றால் மூழ்காது

கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு ஃபோன் கிடையாது. பக்கத்துத் தறிக்கூடத்துக்குத்தான் வரும். யார் கூப்பிட்டாலும் தறிச் சத்தத்தோடு மல்லுக்கட்டிக் கத்தித்தான் பேச வேண்டும். அன்று காலை தறிகளையெல்லாம் நிறுத்திவிட்டு என்னை அழைத்தார்கள். மறுமுனையில் மரகதம் டீச்சரின் தம்பி. "அக்கா போயிட்டாங்க டீச்சர்" என்றார். மரகதம் ஆஸ்பத்திரியில் இருப்பது தெரியும், முந்தின நாள் வரை பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் "எந்த அக்கா?" என்று கேட்டேன்.

நம் பள்ளியில் மரகதத்திடம் இயற்பியல் படித்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? கஞ்சி போட்ட சேலை, சிரிக்காத முகம், அரை மதிப்பெண்கூடக் கூட்டிப்போடாத கை. ஆசிரியர் அறையில் நானும் அவரும் எதிரெதிர் நாற்காலி. நான் தமிழ் டீச்சர், யாராவது முகம் வாடினால் நாலு நல்ல வார்த்தை சொல்லித் தேற்றாமல் இருக்க மாட்டேன். அது அவருக்கு ஆகவே ஆகாது. "பொய்யாச் சொல்லித் தேத்தறதுக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுங்க, அதாவது சூடா இருக்கும்" என்பார்.

மிதத்தல் விதியை அவர் நடத்திய விதம் உங்களுக்கு நினைவிருக்கும். கிணற்றடித் தொட்டியில் ஒரு காலி நெய் டப்பாவை மிதக்கவிட்டு, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக மணலைப் போடுவார். "இரும்பு கனம்னு தண்ணி தள்ளிவிடறதில்லைங்க கண்ணு. தன்னோட எடைக்குச் சமமாத் தண்ணிய ஒதுக்கினா அது தாங்கிக்கும். தண்ணிய உள்ள விட்டாத்தான் போச்சு." டப்பாவின் விளிம்பு தண்ணீரைத் தொடப்போகும் நேரத்தில் சட்டென்று வெளியே எடுத்துவிடுவார். மூழ்குவதை ஒருநாளும் காட்டியதில்லை. டப்பா வீணாகுமே என்ற கஞ்சத்தனமா என்று நான் ஒருமுறை கேலி செய்தபோதுதான் தன் கணவரைப் பற்றிச் சொன்னார்.

அவர் கணவர் பழனிச்சாமி பட்டாளத்தில் டாங்கி ஓட்டியவர். தரையில் மட்டும் போகிற டாங்கி அல்ல. ஆற்றில் இறங்கினால் படகு மாதிரி மிதந்து அக்கரை ஏறும் வகை. கல்யாணமாகி மூன்று வருடம்கூட ஆகவில்லை. வடக்கே ஓர் ஆற்றில் பயிற்சியின்போது அந்த டாங்கி மூழ்கிவிட்டது. உள்ளே இருந்த மூவரில் தலைவர் மட்டும் தப்பினார். பழனிச்சாமியும், குண்டு நிரப்புகிற செல்வராசு என்ற பையனும் போய்விட்டார்கள். செல்வராசு வெள்ளகோவில்காரன். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று யாரோ சொல்லக் கேட்டு, அவன் அம்மா மாராத்தாள் மரகதத்தின் வீட்டு வாசலுக்கே வந்து, "உம்புருசந்தான் எம்பையனத் தண்ணில தள்ளிப்போட்டான்" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்.

மரகதம் அதை ஏற்கவில்லை. "குழாயை மூடுனா மறுக்காப் போய்த் திருகிப் பாக்கற மனுசனுங்க அவரு" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பட்டாளத்திலிருந்து வந்த தாளில் விபத்து என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. உறவுக்காரர்கள் இரு வீட்டுக்கும் சமரசம் பேசப் போனபோதெல்லாம், அந்தம்மாள் வாயில் வந்ததைச் சொல்கிறார், அதை வாபஸ் வாங்கட்டும் என்பதே இவர் பதில். மறுகல்யாணப் பேச்சையும் இதே பிடிவாதத்தோடுதான் தள்ளினார். கணவர் பெயரில் ஒட்டிய அந்தச் சொல்லைத் துடைக்காமல் அவரால் வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், தப்பிப் பிழைத்த அந்தத் தலைவர் நம் பள்ளிக்கே வந்தார். பாலக்காட்டுக்காரர். கோயம்புத்தூருக்குக் கண் வைத்தியத்துக்கு வந்த இடத்தில் விசாரித்துத் தேடி வந்திருக்கிறார். காப்பி வரவழைத்தேன், குடிக்கவில்லை.

"எஞ்சின் நின்னு போச்சு டீச்சரே. ஆத்துக்கு நடுவில. யாரோட குத்தமும் இல்ல" என்றார்.

எனக்கு அப்படியே அவர் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. இத்தனை காலம் மரகதம் காத்திருந்த வார்த்தை அதுதானே! திரும்பிப் பார்த்தேன். மரகதத்தின் முகம் வெளுத்திருந்தது.

"எஞ்சின் நின்னா நகராதுங்க. மிதக்கறதுக்கு எஞ்சின் வேண்டாமுங்களே" என்றார்.

பெரியவர் காப்பி டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"முன்பக்கம் முதல்ல இறங்குச்சுங்களா, பின்பக்கமுங்களா?"

"முன்பக்கம்."

"அவரு உக்காந்திருந்த பக்கம். தலைக்கு மேல மூடி இருக்குமுங்க. பூட்டியிருந்தாருங்களா?"

"மரகதம், விடுங்க" என்று நான் குறுக்கே விழுந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நடந்ததைச் சொன்னார். வெயிலுக்குத் தலையை வெளியே நீட்டி ஓட்டிவந்த பழனிச்சாமி, கரையில் மூடியைச் சாத்தியதோடு சரி, பிடியைத் திருகிப் பூட்ட மறந்துவிட்டார். எதிர் அலை மேலேறி மூடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. "நேரமாச்சுன்னு அவசரப்படுத்தினது நானாக்கும். அதையும் கணக்கில வெச்சுக்கோ டீச்சரே" என்று அந்த மனிதர் தேம்பி அழுதார்.

"சரிங்க, அதையும் சொல்லிப்போடறேனுங்க" என்றார் மரகதம்.

யாரிடம் சொல்லப்போகிறார் என்பது எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது. வெள்ளகோவில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்கச் சண்டை போட்டேன். ஆறிப்போன புண்ணை ஏன் கிளற வேண்டும், உங்கள் வாயாலேயே புருஷனைக் காட்டிக்கொடுப்பீர்களா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இத்தன வருசமா அந்தம்மாளப் பொய் சொல்றாங்கன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேனுங்க. அவங்க பையனும் போயி, அவங்க சொல்லும் பொய்யின்னா எப்படியிருக்குமுங்க?"

மாராத்தாள் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. மரகதம் வாசலிலேயே நின்று, "நீங்க சொன்னதுதானுங்க நெசம். என்ற ஊட்டுக்காரரு மூடியப் பூட்ட மறந்துபோட்டாருங்க" என்று ஆரம்பித்து, தலைவர் அவசரப்படுத்தியது வரை ஒன்றுவிடாமல் சொன்னார். அரிவாள் நின்றுவிட்டது. திட்டு விழப்போகிறது என்று நான் மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உம்புருசனும் உள்ளதான கண்ணு இருந்தான்" என்றார் மாராத்தாள். பிறகு, "வெயில்ல எதுக்கு நிக்கறே, உள்ள வா" என்றார்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறாவது மரகதம் அங்கே போய் வந்தார். என்ன பேசிக்கொள்வார்களோ, எனக்குச் சொன்னதில்லை.

கோயம்புத்தூர் கணபதியில் தம்பி வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது, அந்தச் சந்தில் லேத்துப் பட்டறைகளை அடைத்திருந்தார்கள். வெள்ளகோவிலிலிருந்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்த மாராத்தாளிடம் யாரோ ஒரு பெண், "நீங்க இவங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டார். "எம்பையன் போன வண்டிய ஓட்டுனவரோட சம்சாரமுங்க இது" என்றார் அவர். கேட்டவருக்குப் புரிந்திருக்காது. எனக்கு அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை.

போன ஞாயிறு நான் வெள்ளகோவிலுக்குப் போனேன். மாராத்தாள் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "கடைசில டீச்சரு கஷ்டப்பட்டாங்களா கண்ணு?" என்று கேட்டார். இல்லைங்க, தூங்குகிற மாதிரி போய்விட்டார் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய வாய்.

"ஆமாங்க" என்றேன். "கடைசி ரெண்டு நாளும் மூச்சுக்குத் தவிச்சாங்க. முந்தின நாள் வரைக்கும் நான் பக்கத்துலதான் இருந்தேனுங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவரைத் தேற்ற நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மரகதத்திடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான்.