அறுநூறு குதிரைகளும் ‘தம்பி’ என்று ஒரு வரியும்

இதை எழுதாமலே விட்டுவிடத்தான் இருந்தேன். முதலாம் ஆண்டு நினைவு மலரில் எனக்கும் ஒரு இடம் என்று அண்ணி சொன்னபோது, வேலை இருக்கிறது என்றேன். இரண்டாம் முறை சொன்னபோது, தமிழில் எழுதிப் பல வருடம் ஆயிற்று என்றேன். மூன்றாம் முறை அவர் கேட்கவே இல்லை. "சரி தம்பி, அந்தப் பக்கத்துல உன் காலேஜ் மார்க் ஷீட்டப் போட்டுடறேன். சொந்தக்காரங்க ரொம்ப நாளா பாக்கணும்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார். இரண்டு செமஸ்டரோடு நான் கைகழுவிய காலேஜ் அது. உடனே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனின் பொறுமை, நேர்மை, உதவும் குணம் பற்றி மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். எல்லாம் உண்மை. நான் எழுதப்போவது அவர் கட்ட ஆசைப்பட்ட ஒரு என்ஜினைப் பற்றி. அதில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அண்ணன் பிறந்தது கோவில்பட்டியில். அவருக்குப் பதினெட்டு வயதானபோது அப்பா மறைந்தார். அம்மாவுக்கு டெக்சாஸில் நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் மூவரும் விமானம் ஏறியபோது அவருக்கு இருபது, எனக்குப் பதினொன்று. வந்த முதல் வாரம், ஆஸ்டினில் சிக்னலுக்கு நின்றிருந்த பஸ்ஸில் இருந்தோம். பக்கத்தில் ஒரு பழைய மஸில் கார் வந்து நின்றது. இரண்டே கதவு, நீளமான மூக்கு. அது உறுமியதில் பஸ்ஸின் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. அம்மா காதைப் பொத்திக்கொண்டார். அண்ணன் என்னிடம், "ஏலே, இது ஒரு நாள் நம்ம வீட்டு வாசல்ல நிக்கும்" என்றார். நான் சிரித்தேன். அன்றைக்கு அவர் கையில் இருந்தது பஸ் டிக்கெட் மட்டும்தான்.

அதன்பிறகு அவர் படித்தார், வேலை பார்த்தார், ஆஸ்டினை அடுத்த ரவுண்ட் ராக்கில் வீடு வாங்கினார், அண்ணியை மணந்தார், பாப்பா பிறந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம் வைத்திருந்தார். சாஃப்ட்வேர் புராஜெக்ட் மேனேஜர் அல்லவா! தாலி கட்டும் நேரத்துக்கு முன்னால் பத்து நிமிடம் காலியாக விட்டு அட்டவணை போட்ட ஒரே மாப்பிள்ளை அவர்தான். அந்தப் பத்து நிமிடமும் வேட்டி அவிழ்ந்ததில் சரியாகப் போய்விட்டது.

நான் படிப்பை விட்டு டயர் கடையில் சேர்ந்ததற்கு அவர் திட்டவில்லை. மூன்று வருடம் கழித்து, ஒரு பண்ணைக் கொட்டகையில் என்ஜின் இல்லாமல் கிடந்த எழுபதுகளின் கார் ஒன்றை டிரெய்லரில் இழுத்துவந்து கராஜில் நிறுத்தினார். எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு லேப்டாப்பைத் திறந்தார்.

"எவ்வளவு ஹார்ஸ்பவர் வேணும்?"

"எண்ணூறுண்ணே."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? எண்ணூறுன்னு சொல்லிக்கத்தான்."

"அறுநூறு போதும். மொதல்ல பிரேக்க எழுது. அப்புறம் கியர்பாக்ஸ், பின்னாடி ஆக்சில். என்ஜின் கடைசில."

"என்ஜின் கட்டத்தான உக்காந்திருக்கோம்!"

"வேகமாப் போறதுக்கு எல்லாப் பயலும் பட்ஜெட் போடுவான். நிக்கிறதுக்கு எவம்ல போடுவான்?"

மொத்தம் இருபத்து நான்காயிரம் டாலர். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று அண்ணியிடம் சத்தியம் செய்திருந்தார். பிளாக், கிராங்க், பிஸ்டன், ஹெட், கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கடைசி வரியில் இரண்டாயிரத்து நானூறு டாலர். பெயர்: ‘தம்பி’.

"இது என்னண்ணே, என் சம்பளமா?"

"எதிர்பாராத செலவு. எல்லா புராஜெக்ட்லயும் இருக்கும். இந்தப் புராஜெக்ட்ல அதுக்கு வேற பேரே பொருந்தல."

கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவரை ஜெயித்தேன். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுக்குக் கேம் என்று பெயர். உருளை வைத்த ரோலர் கேம்தான் வாங்க வேண்டும் என்றார் அண்ணன். பழைய வகையே போதும், மிச்சமாகும் ஆயிரம் டாலரைப் பெரிய ஹெட்டில் போடலாம் என்று ஒரு வாரம் நச்சரித்து மாற்றவைத்தேன். சம்மதித்தவர், ஒரு தாளில் அச்சடித்துக் கராஜ் சுவரில் ஒட்டினார்:

‘முதல் ஸ்டார்ட்: உடனே இரண்டாயிரம் ஆர்.பி.எம். அப்படியே இருபது நிமிடம். மெதுவாக ஓட விடாதே. நிறுத்தாதே.’

பழைய வகைக் கேமுக்கு அந்த முதல் இருபது நிமிடம்தான் உயிர். அப்போது மெதுவாக ஓடினால் எண்ணெய் அதன்மேல் போதுமான அளவு தெறிக்காது. புது உலோகம் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்துவிடும். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

பாதி வேலையில் இருக்கும்போது அண்ணனுக்கு வயிற்றில் நோய் என்று தெரிந்தது. அம்மா ஸ்கேனை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முப்பது வருட நர்ஸ். மடித்து உறையில் வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

சில மாதங்களில் மருந்தை மாற்றினார்கள். புது மருந்தில் விரல்களின் உணர்ச்சி போகும், அதை ஏற்றிக்கொண்ட பிறகு கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். தேதியும் குறித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் தன் கையால் ஒரு தடவை ஓட்ட வேண்டும் என்பது மட்டும்தான் அண்ணன் என்னிடம் கேட்டது. என்ஜினைப் பூட்டி முடித்தபோது ஒன்பது நாள் மீதம் இருந்தது.

மறுநாள் காலை ரத்தப் பரிசோதனைக்கு அண்ணி அவரை அழைத்துப் போனார். மாலையில் அவர் முன்னிலையில் ஸ்டார்ட் செய்வதாகத் திட்டம். பத்தரை மணிக்கு அம்மா தட்டும் சூடமும் நான்கு எலுமிச்சம்பழமுமாகக் கராஜுக்கு வந்தார்.

"இப்பத்தான் நல்ல நேரம். சாயங்காலம் ராகு காலம் வந்துரும். பூஜையப் போட்டு ஒரே ஒரு நிமிசம் ஓடவிட்டு நிறுத்திருடா."

"அம்மா, அப்படி நிறுத்தக் கூடாது. சுவத்துல பாருங்க."

"ஒரு நிமிசந்தானடா. அவனுக்காகக் கேக்கேன்."

அம்மா எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். ஒரு நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். கராஜில் ஒரு கேமரா உண்டு. அண்ணன் ஆஸ்பத்திரி நாற்காலியில் இருந்தபடியே அதில் பார்த்து, "ஸ்பேனரத் தரையில வைக்காதல" என்று போன் செய்வார். அதை முதலில் சுவர்ப் பக்கம் திருப்பினேன். பிறகு சாவியைத் திருப்பினேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? தட்டில் இருந்த குங்குமம் குதித்தது. பாப்பா காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, "சித்தப்பா, இட்ஸ் டூ லௌட்!" என்று அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கத்தினார். அம்மா சூடம் காட்டும்வரை மெதுவாக ஓடவிட்டேன். இரண்டு நிமிடம் இருக்கும். சக்கரத்தை ஏற்றி எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு நிறுத்தினேன்.

அம்மா உள்ளே போன பிறகு மறுபடியும் ஸ்டார்ட் செய்து இருபது நிமிடத்தை ஒழுங்காக ஓட்டப் பார்த்தேன். டிக், டிக், டிக். சுவர்க் கடிகாரம் போல ஒரு சத்தம். அணைத்துவிட்டு எண்ணெயை இறக்கினேன். எண்ணெயில் வெள்ளி மினுமினுத்தது. கேம் தேய்ந்திருந்தது. அந்தத் தூள் என்ஜின் முழுக்கப் போயிருக்கும். முழுதாகக் கழற்ற வேண்டும். மிச்சம் எட்டே நாள்.

மதியம் அண்ணன் திரும்பி வந்தார். ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருந்ததால் ஒரு வாரம் தூசு பக்கம் போகக் கூடாதாம். அந்தக் கெட்ட செய்தி எனக்கு நல்ல செய்தியாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணுவமா? நான் வாசல்ல நின்னு கேட்டுக்கிடுதேன்."

"இல்லண்ணே. கியர்பாக்ஸ் மவுண்ட்டத் தப்பா அனுப்பிட்டாங்க. ஆறு நாள் ஆகும்."

"கேமராவுல ஒண்ணும் தெரியலயே, ஏன்?"

"வயர் போயிருச்சு போல."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி. ஆறு நாளுன்னா ஆறு நாளு" என்று மாடிக்குப் போய்விட்டார்.

என் நண்பன் பென்னி, தூத்துக்குடிக்காரன், நாங்கள் என்ஜின் பாகங்கள் வாங்கிய கடையில் இருக்கிறான். கேம், லிஃப்டர், பேரிங் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று நாற்பது டாலர். என்னிடம் இருந்தது அறுநூற்றுச் சொச்சம். பாதி விலைக்குத் தருகிறேன், பழகிய தோஷம் என்றான். ஐந்நூற்று எழுபது கொடுத்து வாங்கிவந்தேன். டயர் கடையில் லீவு போட்டேன். கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு நாள் கழற்றினேன், கழுவினேன், பூட்டினேன். தனியாகவே பேசிக்கொண்டேன். என்னை நானே திட்டிக்கொண்டேன். ஒரு நாள் போல்ட் ஒன்று நழுவிப் பிளாக்குக்குள் விழுந்தபோது அழுதும்விட்டேன். அம்மா ஒருமுறை கதவைத் தட்டி, "நான் ஓடவிடச் சொன்னதுனாலயாடா?" என்று கேட்டார். "இல்லம்மா, பார்ட்டே சரியில்ல" என்றேன்.

அம்மா, இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்டது ஒரு நிமிடம். சுவரில் இருந்த தாளைப் படிக்கத் தெரிந்தவன் நான்.

ஏழாம் நாள் அண்ணன் முகமூடி போட்டுக்கொண்டு கராஜுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து போனில் இருபது நிமிட டைமர் வைத்தார். அம்மா மறுபடியும் தட்டோடு வந்து நின்றார். அண்ணன் திரும்பாமலே, "சூடம் அப்புறம்மா. இருபது நிமிசம் முடியட்டும்" என்றார்.

சாவியைத் திருப்பினேன். இரண்டாயிரத்தில் பிடித்தேன். நான் மீட்டர் முள்ளைப் பார்க்கவில்லை, அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நிமிடத்தில் என்னவோ தட்டியது. எனக்கு உயிர் போய்விட்டது. அலமாரியில் அதிர்ந்துகொண்டிருந்த ஒரு தகர டப்பா அது. அம்மா அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார், கடைசிவரை விடவில்லை.

மறுநாள் ஹட்டோ என்ற ஊரைத் தாண்டி, சோளக்காடுகளுக்கு நடுவே நீளும் சாலைக்குப் போனோம். அண்ணன் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். மூன்றாவது கியரில் மிதித்தபோது என் தலை சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அப்போதும் நான் அந்த டிக் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னல, எதும் கேக்குதா?"

"இல்லண்ணே."

"எனக்கும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, ஆளில்லாத சாலையில் பிரேக்கை முழுதாக மிதித்தார். வண்டி நேர்க்கோட்டில் நின்றது. "பாத்தியா? இதுக்குத்தான் மொத வரி" என்றார். நாற்பது நிமிடம் ஓட்டினார். பிறகு விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுச் சாவியை என்னிடம் தந்தார்.

அதற்கு மறுநாள் புது மருந்து ஏறியது. ஐந்து மாதம் கழித்து, வீட்டிலேயே, அண்ணி கையைப் பிடித்திருக்க, அண்ணன் போனார். வயது முப்பத்தைந்து. கடைசி வாரம்கூட என்னிடம், "ஆயில் மாத்துனியா?" என்றுதான் கேட்டார். சொல்லிவிடலாம் என்று அப்போது வாயைத் திறந்தேன். "மாத்திட்டேண்ணே" என்றேன்.

காரியம் முடிந்து அண்ணியும் நானும் பட்ஜெட் ஷீட்டைத் திறந்தோம். ஒவ்வொரு வரிக்கும் பில் இருந்தது. ‘தம்பி’ வரியில் மட்டும் ஐந்நூற்று எழுபது டாலர் கழித்திருந்தார். எதற்கென்று எழுதவில்லை. "இது என்ன தம்பி?" என்றார் அண்ணி. எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் கொடுத்த தொகை அதேதான். தற்செயல் என்று விட்டுவிட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். முறை வைத்து ஐந்து மாதம் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்துப்போன குடும்பங்களுக்கு நன்றி. ரசத்தில் மட்டும் கொஞ்சம் உப்பைக் குறைத்திருக்கலாம். மருந்து ஏற்றிய நாட்களில் உடன் இருந்த அண்ணனின் அலுவலக நண்பர்களுக்கும், பாப்பாவைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்த ஆன்டிகளுக்கும் நன்றி. அன்று வேலிக்கு மேல் கத்திய பக்கத்து வீட்டுக்காரர், விஷயம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் புல்லையும் சேர்த்து வெட்டுகிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, யாராவது சொல்லிவிடுங்கள். பாதி விலைக்குத் தந்த பென்னிக்குத் தனியாக ஒரு நன்றி.

மலருக்குக் கொடுப்பதற்கு முன் இதைப் பென்னிக்கு அனுப்பி, அண்ணனுக்குத் தெரியாமல் செய்ததை இப்படி ஊரறிய எழுதலாமா என்று கேட்டேன். அவன் பதில் வந்த பிறகு மேலே எதையும் மாற்றவில்லை. அதை அப்படியே கீழே வைத்திருக்கிறேன்.

"ஏலே, கேமராவத்தான திருப்புன, மைக்கையா திருப்புன? மிச்சப் பாதிய உங்க அண்ணன் அன்னைக்கு மத்தியானமே போன் போட்டுக் கட்டிட்டாருல."